எழுதாத கையால் ஒரு கையெழுத்து

ஆளுமை வகைப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஆளுக்கொரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஒரு நொடியில் போட்டுவிடுவோம். அப்புறம் பேனாவை மற்றக் கைக்கு மாற்றி, அதே கையெழுத்தை இன்னொரு முறை போடச் சொல்வார்கள். அறை முழுக்கச் சிரிப்பு எழும். எழுத்து கோணிக்கொண்டு போகும், சிலருக்கு நாக்கு வெளியே வந்துவிடும், தினமும் எழுதுகிற சொந்தப் பெயரை வரைந்து முடிக்க அரை நிமிடம் பிடிக்கும். மனத்துக்கும் இப்படிப் பழகிய கை ஒன்று, பழகாத கை ஒன்று இருக்கிறது என்று பயிற்சியாளர் பாடத்தைத் தொடங்குவார்.

நான் உட்கார்ந்திருந்த வகுப்பில் அதன் பிறகு நாள் முழுக்கப் பழகிய கையைப் பற்றியே பேசினார்கள். மாலையில், ஆளுமை வகையின் சுருக்கக் குறியாக, ஆளுக்கு நான்கு ஆங்கில எழுத்துகள் கிடைத்தன. மறுநாள் அலுவலகத்தில் ஒருவர், "நான் ஐ.என்.டி.ஜே., அதான் எனக்கு மீட்டிங்னாலே ஆகாது" என்றார். மற்றவர்களும் தங்கள் எழுத்துகளைச் சொல்லி மகிழ்ந்தோம். ஒரு மாதத்தில் மறந்தும் போனோம். தாளின் அடியில் கோணலாகக் கிடந்த இரண்டாவது கையெழுத்தை யாரும் திரும்பப் பார்க்கவில்லை.

தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களோடு வேலை செய்யும் ஆலோசகர்களில், மனநல மருத்துவர் கார்ல் யுங்கின் ஆழ்மன உளவியலைப் படித்து வந்த ஒரு சாரார் இருக்கிறார்கள். அவர்கள் தொடங்குவதே அந்த இரண்டாவது கையெழுத்திலிருந்துதான். அவர்கள் செய்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு மேலதிகாரியிடம் மற்றவர்கள் படும் பாட்டை நினைத்துப் பார்த்தால், அவர் நன்றாகச் செய்கிற வேலையால் யாரும் அதிகம் அடிபட்டதில்லை. தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று, ஒரு மோசமான மாலையில் வெளியே வரும்போதுதான் அடிபட்டிருப்பார்கள்.

ஒரே நோயாளி, இரண்டு மருத்துவர்கள்

யுங் 1875இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1900இல் சூரிக் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். 1907இல் வியன்னாவுக்குப் போய், மனப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டைச் சந்தித்தார். ஆறு ஆண்டுகள் நெருக்கமாக இருந்தார்கள். 1913இல் உறவு முறிந்தது. அதற்கு முன்பே இன்னொரு சகாவான ஆல்பிரெட் ஆட்லரும் பிராய்டை விட்டு விலகியிருந்தார்.

அந்தப் பிரிவுகளுக்கு நடுவே யுங்கை ஒரு கேள்வி விடாமல் தொந்தரவு செய்தது. ஒரே மாதிரி நோயாளியைப் பிராய்டு பார்த்தால், ஆசையும் அது போய் ஒட்டிக்கொள்ளும் ஆட்களும் பொருட்களும் தெரிகின்றன. ஆட்லர் பார்த்தால், கீழே விழுந்துவிடாமல் மேலே இருக்கப் பாடுபடும் ஒரு 'நான்' தெரிகிறது. இருவரும் அறிவாளிகள், இருவரிடமும் நோயாளிகள் குணமாகிறார்கள். அப்படியானால் வேறுபாடு நோயாளியிடம் இல்லாமல், பார்க்கிறவரின் கண்ணில் இருக்கலாமோ? 1913 செப்டம்பரில் மியூனிக்கில் நடந்த மனப்பகுப்பாய்வு மாநாட்டில் இதைப் பற்றி அவர் பேசினார். பிராய்டும் அவரும் நேரில் சந்தித்த கடைசி இடமும் அதுதான். எட்டு ஆண்டுகள் கழித்து, 1921இல், 'உளவியல் வகைகள்' என்ற பெரிய நூல் வந்தது.

அதில் அவர் முதலில் பிரித்தது மன ஆற்றல் பாயும் திசையை. சிலருக்கு அது வெளியே, ஆட்களையும் நிகழ்வுகளையும் நோக்கிப் போகிறது. சிலருக்கு உள்ளே திரும்புகிறது. தமிழில் புறமுகம், அகமுகம் என்கிறோம். (சங்க இலக்கியத்தின் அகம், புறம் உடனே நினைவுக்கு வரும். அங்கே அவை பாடலின் பொருளைப் பிரிப்பவை. இங்கே கவனம் எந்தப் பக்கம் இயல்பாகச் சாய்கிறது என்பதைச் சொல்பவை.) அதோடு மனம் நான்கு வழிகளில் உலகத்தைக் கையாள்கிறது என்றார், அவற்றைச் செயல்பாடுகள் என்று அழைத்தார். புலனறிவு, உள்ளுணர்வு, சிந்தனை, உணர்வு.

இந்த நான்கையும் ஒரு வீடு வாங்கப் போகும் குடும்பத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒருவர் சுவரில் விரிசலைத் தடவிப் பார்க்கிறார், குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்கிறார். அது புலனறிவு. ஒருவர் பட்டா, வில்லங்கச் சான்று, சதுர அடி விலை என்று கணக்கில் இறங்குகிறார். அது சிந்தனை. ஒருவர் வாசலில் நின்று, இந்த வீட்டில் அம்மாவால் மனசு ஒட்டி இருக்க முடியுமா என்று யோசிக்கிறார். அது உணர்வு. இன்னொருவர் எதையும் பார்க்காமலே, பத்து வருஷத்தில் இந்தத் தெரு கடைத்தெருவாகிவிடும் என்கிறார். அது உள்ளுணர்வு. உணர்வு என்றதும் அழுகையும் கோபமும் நினைவுக்கு வருகிறது, ஆனால் யுங் அந்தச் சொல்லால் குறித்தது ஒன்றுக்கு மதிப்புப் போடும் திறனை. எனக்கு இது வேண்டியதா, எங்களுக்கு இது தகுமா என்று எடைபோடுவது. சிந்தனையைப் போலவே அதையும் அவர் பகுத்தறிவின் பக்கத்தில்தான் வைத்தார். இது தெரியாமல் போவதால்தான் பயிற்சி வகுப்புகளில் 'உணர்வு வகை' என்றாலே இளகிய மனசுக்காரர் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

தலைமை பற்றிப் பேசும்போது தேவைப்படுவது அடுத்து வருவது. நான்கில் ஒன்றைச் சின்ன வயதிலிருந்தே நாம் அதிகமாகப் பயன்படுத்துகிறோம். அது கூர்மையாகிறது, அதற்குப் பாராட்டும் கிடைக்கிறது. அதற்கு நேர் எதிரே இருப்பது பட்டினி கிடக்கிறது. சிந்தனை முன்னே போனால் உணர்வு பின்தங்கும். உள்ளுணர்வு முன்னே போனால் புலனறிவு பின்தங்கும். பின்தங்கியது அழிந்துவிடுவதில்லை, நனவிலிக்குள் (நமக்கே தெரியாத மனப் பகுதிக்குள்) இறங்கி, குழந்தைத்தனமாகவும் தொட்டாற்சுருங்கியாகவும் அங்கேயே வாழ்கிறது. யுங்கின் நெருங்கிய சகாவான மரீ-லூயிஸ் ஃபொன் ஃபிரான்ஸ் இதைப் பற்றிச் சூரிக்கில் தனியாகச் சொற்பொழிவுகளே ஆற்றியிருக்கிறார். பின்தங்கிய அந்தச் செயல்பாடு மெதுவானது, அவசரப்படுத்தினால் முறுக்கிக்கொள்ளும், ஆனால் நனவிலி நமக்குள் நுழையும் கதவே அதுதான் என்பது அவர் கருத்து.

அமெரிக்காவில் ஒரு மகள்

யுங்கின் நூல் 1923இல் ஆங்கிலத்தில் வந்தது. அமெரிக்காவில் கேதரின் குக் பிரிக்ஸ் என்ற பெண் அதைப் படித்தார். மனிதர்களின் குணவகைகளைப் பற்றி அவரே பல ஆண்டுகளாகக் குறிப்பு எழுதி வந்தவர். யுங் தன்னைவிட ஆழமாகப் போயிருப்பதைக் கண்டு, தன் திட்டத்தை விட்டுவிட்டு அவருடையதை எடுத்துக்கொண்டார். அவருடைய மகள்தான் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். அரசியல் அறிவியல் படித்தவர். 1929இல் துப்பறியும் நாவல் போட்டி ஒன்றில் பரிசு வாங்கியவர். உளவியல் பட்டம் கிடையாது.

இரண்டாம் உலகப்போர் காலத்தில், தங்களுக்கு ஒட்டாத வேலைகளில் மாட்டிக்கொண்டு தவித்தவர்களைப் பார்த்துத்தான் இசபெல் கேள்வித்தாள் தயாரிக்கத் தொடங்கினார். ஒருவரையொருவர் புரிந்துகொண்டால் மோதல் குறையும் என்று அவர் உறுதியாக நம்பினார். உறவினர், நண்பர்கள், பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் என்று கையில் கிடைத்தவர்களிடமெல்லாம் கேள்விகளைச் சோதித்தார். பிறகு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்களிடம் விடைகள் வாங்கினார். யுங்கிடமிருந்து வந்த மூன்று இணைகளோடு (திசையில் ஒன்று, செயல்பாடுகளில் இரண்டு) நான்காவதாக ஓர் இணையை, அதாவது முடிவெடுத்து ஒழுங்கு செய்வதா, திறந்து வைத்துப் பார்ப்பதா என்பதைச் சேர்த்தார். ஒவ்வோர் இணையிலிருந்தும் ஓர் எழுத்தாக, நான்கு எழுத்துகள் கொண்ட 16 வகைகள் வந்தன. எம்.பி.டி.ஐ. (மையர்ஸ்-பிரிக்ஸ் வகை காட்டி) என்று உலகம் இன்று அழைப்பது இதைத்தான். 1962இல் அமெரிக்காவின் ஒரு பெரிய தேர்வு நிறுவனம் ஆய்வுக்காக இதை வெளியிட்டது. 1975இல் வேறொரு பதிப்பகத்துக்குப் போன பிறகுதான் பரவலாகச் சந்தைக்கு வந்தது. இசபெல் 1980இல் காலமானார். பட்டமில்லாத ஓர் இல்லத்தரசியின் வேலை என்று துறைக்குள் ஏளனம் செய்தவர்களுக்கு நடுவே, நாற்பது ஆண்டுகள் அவர் விடாமல் உழைத்ததை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

ஆனால் அந்தக் கைமாற்றத்தில் ஒன்று நடந்தது. யுங் மருத்துவமனையிலிருந்து எழுதினார். அவருடைய வகை விவரங்களில் ஒவ்வொருவரின் அரைக்கிறுக்கும் சேர்ந்தே வரும். இசபெல் எல்லோருக்கும் ஒரு கொடை உண்டு என்று எழுதினார். பின்தங்கிய செயல்பாட்டை அவர் மறுக்கவில்லை, ஆனால் விவரக்குறிப்பில் அதற்கு ஓரமாகத்தான் இடம் கிடைத்தது. எந்த வகையில் விழுந்தாலும் படிக்க நன்றாக இருக்கும் ஓர் அறிக்கை கிடைக்கும். நிறுவனங்களுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இந்தக் கேள்வித்தாளின் குறைகளையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. மனிதர்கள் அகமுகம், புறமுகம் என்று இரண்டு குவியலாகப் பிரிந்து நிற்பதில்லை. பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மதிப்பெண், அந்தப் பக்கம் ஒரு மதிப்பெண் என்று எழுத்து மாறுகிறது. 1991இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு ஒன்று, தொழில் ஆலோசனைக்கு இதைப் பயன்படுத்தப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இதை வெளியிடுகிறவர்களின் நெறிமுறையே சொல்கிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படும் குறை வேறு. மெக்ரே, கோஸ்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல், இன்று உளவியலாளர்கள் அதிகம் ஏற்கும் ஐந்து பெரும் ஆளுமைக் கூறுகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான்கு இணைகளும் நான்கு கூறுகளோடு ஓரளவு பொருந்தின. ஐந்தாவது கூறுக்கு மட்டும் இங்கே ஆளே இல்லை. அது பதற்றம், மனம் தடுமாறும் தன்மை. நெருக்கடி வந்தால் இவர் எப்படி ஆவார் என்று ஒரு தலைவரைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது எதுவோ, அதை இந்தக் கேள்வித்தாள் கேட்பதே இல்லை. ஆழ்மன உளவியலைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருப்பது இந்த ஓட்டையால்தான்.

நூறு சொற்களும் ஒரு கடிகாரமும்

தமிழில் 'அவனுக்குக் காம்ப்ளெக்ஸ்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தச் சொல் இவ்வளவு புழங்கக் காரணம் யுங். புர்க்ஹோல்ஸ்லியில் 1900களின் முதல் பத்தாண்டில் அவரும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். நூறு சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். மருத்துவர் ஒரு சொல்லைச் சொன்னதும், எதிரே இருப்பவர் மனசில் முதலில் தோன்றும் சொல்லைச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார்கள். பெரும்பாலான சொற்களுக்குப் பதில் சட்டென்று வரும். சில சொற்களுக்கு மட்டும் தடுமாற்றம், சிரிப்பு, மௌனம், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வது. அப்படித் தடுமாறும் சொற்களைச் சேர்த்துப் பார்த்தால், அவை எல்லாம் ஒரே புண்ணைச் சுற்றி நிற்பது தெரிந்தது. அந்த முடிச்சைத்தான் அவர் காம்ப்ளெக்ஸ் என்று அழைத்தார். நாம் அதைத் தூண்டுவதில்லை, அது நம்மைத் தூண்டுகிறது. அந்த நேரத்தில் பேசுவது நம் வாய்தான், ஆனால் பிடித்திருக்கும் கை வேறு.

ஒரு கூட்டத்தில் 'தாமதம்' என்ற சொல் கேட்டதும் முகம் மாறும் மேலாளர், 'கணக்கு காட்டுங்க' என்றதும் குரல் உயரும் நிறுவனர் என்று நாம் பார்த்தவர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் தடுமாறியவர்களே. அலுவலகத்தில் கடிகாரம் வைத்துப் பார்க்க யாரும் இல்லை, அவ்வளவுதான்.

தலைமையில் இருப்பவரிடம் இது ஏன் இவ்வளவு கனமாகிறது? அவருடைய முடிச்சு பலருடைய முடிச்சுகளைத் தொடுகிறது. மேலே இருப்பவரிடம் மற்றவர்கள் தங்கள் அப்பாவை, ஆசிரியரை, அண்ணனைப் பார்க்கிறார்கள். நிர்வாக இயக்குநர் ஒரு காலை சிரிக்காமல் நடந்துபோனால் (அவருக்குப் பல்வலியாக இருக்கலாம்) மதியத்துக்குள் ஆட்குறைப்பு வதந்தி கிளம்பிவிடும். ஆபிரகாம் சலெஸ்னிக் என்ற ஹார்வர்டு பேராசிரியர், மனப்பகுப்பாய்விலும் பயிற்சி பெற்றவர், மேலாளர்களும் தலைவர்களும் ஒரே வகையா என்று கேட்டு 1977இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். மேலாளர் ஒழுங்கைத் தேடுகிறார், தலைவர் உள்ளே ஏதோ ஓர் இழப்பைக் கடந்து வந்து தனக்கென ஓர் உலகத்தைக் கட்டுகிறார் என்பது அதன் சாரம். அவ்வளவு கூர்மையாகப் பிரிக்கலாமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் தலைமையைத் திறன் பட்டியலாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வணிக உலகத்தில், ஒருவரின் உள்வாழ்க்கையைப் பேச அது இடம் பிடித்துக் கொடுத்தது.

அறைக்குள் நடப்பது

ஆலோசகர் உண்மையில் என்ன செய்கிறார்? ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் உற்பத்தித் தலைவர், ஐம்பது வயது. இ.எஸ்.டி.ஜே. என்று வந்திருக்கிறது. வெளியே திரும்பிய சிந்தனை முன்னே, உள்ளே திரும்பிய உணர்வு கடைசியில். குறித்த நாளில் சரக்கு போகும், கணக்கு பிசகாது. ஆனால் அவருக்குக் கீழே இரண்டு ஆண்டுகளில் நான்கு நல்ல ஆட்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். நிர்வாகம் ஆலோசகரிடம் அனுப்புகிறது.

முதல் அமர்வில் ஆலோசகர் எழுத்துகளைத் தீர்ப்பாக வாசிக்க மாட்டார். "இதுல எது நீங்க, எது இல்ல?" என்று கேட்பார். தன் வகை எது என்பதைக் கடைசியாகச் சொல்ல வேண்டியவர் எதிரே இருப்பவர்தான், தாள் ஒரு தொடக்கம். இந்தப் பேச்சே பலருக்கு நிம்மதி தருகிறது. தன் வேகத்தை யாரோ குறையாகப் பார்க்காமல் புரிந்துகொண்டார்கள் என்ற நிம்மதி. எழுத்துகளின் நல்ல பயன் இதுதான். கசப்பான ஒன்றைப் பேசுவதற்கு முன் கொஞ்சம் நம்பிக்கையையும், பேசுவதற்கான சொற்களையும் அவை சேர்த்துக் கொடுக்கின்றன.

அப்புறம் கேள்வி திரும்புகிறது. நீங்கள் நீங்களாக இல்லாமல் போன நாள் எது? அவர் யோசித்துச் சொல்கிறார். இயக்குநர் குழு அவருடைய விரிவாக்கத் திட்டத்தை ஒதுக்கிய வாரம். மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. இருபத்தைந்து வருஷம் உழைத்தும் தன்னை ஒருத்தரும் மதிக்கவில்லை என்று வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார். நான்காவது நாள், ஒரு சின்னத் தவறுக்காக இளநிலைப் பொறியாளர் ஒருவரைப் பத்துப் பேர் முன்னால் கிழித்தார். எப்போதும் கணக்கோடு பேசுகிறவர் அன்று 'நன்றி கெட்டவங்க' என்றார். நயோமி குவெங்க் என்ற உளவியலாளர் இதைப் பிடிக்குள் சிக்குவது என்று விவரித்திருக்கிறார். களைப்பிலும் அழுத்தத்திலும் பழகிய கை ஓய்ந்துபோகும்போது பழகாத கை பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறது. சிந்தனை வகை ஆட்களிடம் அது பெரும்பாலும் இப்படித்தான் வரும், பொங்கிவரும் மனக்குறையாகவும் எதிர்பாராத வெடிப்பாகவும்.

அடுத்த வழி, யாரைக் கண்டால் ஆகாது என்று கேட்பது. தரக்கட்டுப்பாட்டு மேலாளரான ஒரு பெண்மணியைக் கண்டாலே அவருக்கு எரிச்சல்.

"அவங்களைப் பத்திச் சொல்லுங்க சார்."

"வேலை தெரியும், இல்லேங்கல. ஆனா ஆள் ஆளா உட்கார வச்சு, என்ன கஷ்டம், வீட்ல என்ன பிரச்சினைன்னு கேட்டுட்டிருப்பாங்க. இது ஃபேக்டரியா, வீடா?"

"உங்ககிட்ட யாராவது அப்படிக் கேட்டிருக்காங்களா?"

நீண்ட மௌனம். பிளஸ் டூ படிக்கும்போது அப்பா போனதும், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஒரு பட்டறையில் சேர்ந்ததும், அம்மா முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டதும் அதன் பிறகுதான் வருகிறது. அந்தப் பையனுக்குச் சிந்தனை கைகொடுத்தது, குடும்பம் நிமிர்ந்தது. உணர்வைப் பூட்டி வைத்தால்தான் நிற்க முடியும் என்ற நிலை அன்று உண்மை. முப்பது வருஷம் கழித்து, அதே பூட்டப்பட்ட ஒன்றை ஒரு சக ஊழியர் சாதாரணமாகக் கையில் வைத்துக்கொண்டு நடமாடினால் எரிச்சல் வராதா? நம்மிடம் இருக்கக் கூடாது என்று ஒதுக்கியதை வெளியே இன்னொருவர் மேல் பார்ப்பதை யுங் நிழல் என்ற சொல்லோடு சேர்த்துப் பேசினார். அந்த நிழலில் நல்லவையும் கிடக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இதற்குப் பிறகு இவர் இளகிய மனிதராக மாறிவிடுவார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அப்படி மாற்றப் பார்ப்பதும் தவறு. இடது கையால் இனி எல்லாக் கடிதமும் எழுது என்று யாரும் சொல்வதில்லை. சின்னச் சின்னப் பழக்கங்கள்தான் வரும். திட்டம் ஒதுக்கப்பட்டால் அன்று மாலையே, "எனக்கு இது வலிக்குது" என்று வீட்டிலோ ஆலோசகரிடமோ ஒரு வாக்கியமாவது சொல்வது. மூன்று நாள் மௌனத்தின் முதல் நாளிலேயே அது தொடங்கிவிட்டதைக் கண்டுகொள்வது. அந்தத் தர மேலாளரை, ஓர் ஆளை வேலையிலிருந்து நீக்கும் முடிவுக்கு முன் கலந்து பேசுவது. அவருடைய வேகம் அப்படியே இருக்கும். ஆனால் கீழே இருப்பவர்களுக்கு, எந்த நாளில் எது வெடிக்கும் என்ற பயம் குறையும். மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. ஒரு நாள் வகுப்பில் நடக்காது.

இதை இன்னும் விரிவாக வரைந்தவர் ஜான் பீபி, சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த யுங்கிய மனப்பகுப்பாய்வாளர். நான்கு செயல்பாடுகளையும் இரு திசைகளோடு சேர்த்தால் எட்டு. எட்டும் ஒவ்வொருவரிடமும் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு பாத்திரத்தின் குரலில் பேசும் என்கிறார் அவர். முதலாவது வீரன். இரண்டாவது பிறரைத் தாங்கும் தாய் அல்லது தகப்பன். மூன்றாவது ஒரு நாள் பறந்து மறுநாள் விழும் சிறுபிள்ளை. நான்காவது, நம்மை வெட்கப்பட வைத்தாலும் ஆன்மாவுக்கு அருகில் இருப்பது. மீதி நான்கும் நிழலில், எதிர்த்து நிற்பவர், குத்திக்காட்டும் கிழவர், தந்திரக்காரர், அசுரர் என்று. ஒரு மேலாளர் எந்தக் குரலில் பேசினார் என்று கவனிக்க இது உதவுகிறது. "நேத்து மீட்டிங்ல பேசினது யாரு, அப்பாவா, கிழவரா?" என்று ஆலோசகர் கேட்டால், குற்றம் சாட்டப்பட்ட உணர்வு இல்லாமல் அவரால் திரும்பிப் பார்க்க முடிகிறது. எட்டுப் பாத்திரமும் இப்படியே எல்லோரிடமும் இருக்கிறது என்று அளந்து நிரூபித்தவர் யாரும் இல்லை. வரைபடமாக வைத்துக்கொண்டால் போதும்.

படுக்கை எண் பத்து

1950களின் கடைசியில் இசபெல் மென்சீஸ் என்ற மனப்பகுப்பாய்வாளர் லண்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றில் செவிலியர்களின் வேலையை ஆராய்ந்தார். நல்ல மாணவிகள் ஏன் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்பது கேள்வி. அவர் கண்டது இது. நோயும் சாவும் தரும் பதற்றத்தை ஒவ்வொரு செவிலியும் நேராகத் தாங்க வேண்டாம் என்பதற்காக, மருத்துவமனையே தன் பழக்கங்களை அமைத்துக்கொண்டிருந்தது. ஒருவரே ஒரு நோயாளியை முழுக்கக் கவனிக்காதபடி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். நோயாளியைப் பெயரால் சொல்லாமல், பத்தாம் படுக்கையின் ஈரல் என்பது மாதிரிச் சொன்னார்கள். பதற்றம் தற்காலிகமாகத் தள்ளிப்போனது, ஆனால் யாருக்காக அந்த வேலைக்கு வந்தார்களோ அந்த மனிதரோடு இருந்த தொடர்பும் போனது.

ஆளுமை வகையைத் தவறாகப் பயன்படுத்தும் அலுவலகங்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரல் நினைவுக்கு வருகிறது. "அவர் ஓர் ஐ.எஸ்.எஃப்.பி., அவர்கிட்ட அந்தப் பொறுப்பெல்லாம் கொடுக்க முடியாது." "நான் டி வகை, அதாவது சிந்தனை வகை, நேராத்தான் பேசுவேன், நீங்கதான் அனுசரிச்சுக்கணும்." முதலாவதில் எதிரே இருப்பவரை நான்கு எழுத்தாக்கித் தள்ளி வைத்துவிட்டோம். இரண்டாவதில் நம்மையே அப்படி ஆக்கிக்கொண்டு, மாற வேண்டிய பொறுப்பிலிருந்து தப்பித்துவிட்டோம். யுங் இதை எதிர்பார்த்தே இருந்தார். 1934இல் தன் நூலின் அர்ஜென்டினப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், மனிதர்களைப் பார்த்தவுடன் வகைகளாகப் பிரித்து அடுக்குவது சிறுபிள்ளை விளையாட்டு என்று கடுமையாகவே சொன்னார். மனிதர்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவதற்காக அவர் அதை எழுதவில்லை.

ஆழ்மன வழிக்கும் தனி ஆபத்து உண்டு. எதிரே இருப்பவர் ஒப்புக்கொண்டால் சரி, மறுத்தால் 'அது உங்கள் எதிர்ப்பு' என்று சொல்லிவிட ஆலோசகரால் முடியும். எப்படிப் போட்டாலும் ஆலோசகருக்கே வெற்றி. பணம் கொடுப்பது நிறுவனம், மனம் திறப்பது ஊழியர் என்பதால் ஆபத்து இரட்டிப்பாகிறது. ஆகவே அமர்வு தொடங்கும் முன்பே, எது நிர்வாகத்துக்குப் போகும், எது போகாது என்று மூன்று தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வந்தார், வந்து போனார் என்பதற்கு மேல் எதுவும் மனிதவளத் துறைக்குப் போகாது என்பதே நேர்மையான ஏற்பாடு என்பேன். கனவுகளைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு ஒருவர் உள்ளே போகிறார் என்றால், அதற்கான பயிற்சியும், தன் வேலையைத் தான் போய்க் காட்டும் மூத்தவர் ஒருவரும் அவருக்கு இருக்க வேண்டும். தூக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால், தலைமைப் பயிற்சியை அங்கேயே நிறுத்தி மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பு முடித்துவிட்டு நிழல், காயம் என்று பேசத் தொடங்குபவரிடம் நான் போக மாட்டேன், யாரையும் அனுப்பவும் மாட்டேன்.

திருவண்ணாமலைக்குப் போகாத யுங்

யுங் ஒருமுறை இந்தியாவுக்கு வந்தார். 1938 தொடக்கத்தில் கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் 25ஆம் ஆண்டு விழாவுக்கு அழைப்பு. தெற்கே வந்தார், இலங்கைக்கும் போனார். ஆனால் திருவண்ணாமலைக்கு மட்டும் போகவில்லை. ரமண மகரிஷியைப் பார்க்காமலே திரும்பினார். இந்தியவியல் அறிஞரான அவருடைய நண்பர் ஹைன்ரிஷ் சிம்மருக்கு அது புரியவே இல்லை. சிம்மர் இறந்த பிறகு, ரமணரைப் பற்றிய அவருடைய நூல் 1944இல் வந்தபோது யுங் முன்னுரை எழுதினார், இந்தக் கதையையும் அதிலேயே சொன்னார். ஞானியரைத் தேடிப் போகாமல் இருந்ததற்கு, இன்னொருவரின் உண்மையைக் கடன் வாங்கக் கூடாது, தன் உண்மையோடுதான் வாழ்ந்தாக வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் காரணம் சொன்னார்.

அந்த முன்னுரையில் இன்னொருவர் வருகிறார். திருவனந்தபுரத்தில் யுங் தற்செயலாகச் சந்தித்த ரமணரின் சீடர் ஒருவர். தொடக்கப்பள்ளி ஆசிரியர் நிலையில் இருந்த எளிய மனிதர். சோறு போட வேண்டிய பிள்ளைகள் ஏராளம், மூத்த மகனைப் படிக்க வைக்கத் தன் தேவைகளைச் சுருக்கிக்கொண்டிருந்தார். குருவின் ஞானத்தை முழுசாக உள்வாங்கிய இவர், ஒரு வகையில் குருவையும் தாண்டிவிட்டார் என்று யுங் எழுதினார். இவர் உலகத்தையும் சேர்த்து உண்டவர் என்பது அவர் சொன்ன காரணம். ரமணரின் அன்பர்கள் இந்த ஒப்பீட்டை ஏற்க மாட்டார்கள், நானும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் யுங்கின் மதிப்பு எங்கே சாய்ந்தது என்பது இதில் தெரிகிறது. மலைக்குப் போய்விடாமல், பள்ளிக்கூட மணிக்கும் மளிகைக் கடன் நோட்டுக்கும் நடுவில் ஒருவர் உள்ளே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைத்தான் அவர் பார்த்தார்.

உற்பத்தித் தலைவரும் அப்படித்தான் மறுநாள் காலை தொழிற்சாலைக்குத் திரும்புகிறார். ஏழு மணி ஷிஃப்ட், பழுதான இயந்திரம், அனுப்ப வேண்டிய சரக்கு எல்லாம் அங்கேயே இருக்கும். தர மேலாளரும் இருப்பார், யாரையாவது உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருப்பார். இந்த முறை அவர் ஒரு நிமிடம் அங்கே நின்று கேட்கலாம்.